நான்காம் மேசை இலக்கியம்

அந்தக் கலை அறிவியல் கல்லூரியில் யாரும் சும்மா இருந்தது கிடையாது. எல்லோரும் எதையாவது சாதித்துக்கொண்டே இருந்தார்கள். மாதத்தின் முதல் திங்கட்கிழமை ‘சாதனை மடல்’ என்று பன்னிரண்டு பக்க இதழ் ஒன்று வரும். பேராசிரியர்களும் ஊழியர்களும் போன மாதம் சாதித்ததெல்லாம் வண்ணப் படங்களோடு அதில் இருக்கும். வரலாற்றுத் துறைப் பேராசிரியர் கருத்தரங்குக்குத் தலைமை தாங்கியது இருக்கும். தாங்க வேண்டியவர் வராமல் போனது இருக்காது. தாவரவியல் துறைத்தலைவர் ஒரே மரக்கன்றை ஒரே குழியில் நான்கு மாதங்கள் நட்டார். நான்கு தடவையும் படம் வந்தது. ஐந்தாம் மாதம் கன்று பட்டுப்போயிற்று. ‘தாவர இழப்பும் நாமும்’ என்று உரை நிகழ்த்தி அந்த மாதத்தையும் அவர் ஒப்பேற்றிவிட்டார். கணிதத் துறையில் ஒருவரை மூன்று வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் மின்னஞ்சலில் அழைத்திருந்தன. அதே பல்கலைக்கழகங்கள் கல்லூரி வாசலில் செருப்புத் தைப்பவரையும் அழைத்திருந்தன. அவர் போகவில்லை.

ஒவ்வொரு துறையும் மாதத்துக்கு ஆசிரியர் சாதனை ஏழும் ஊழியர் சாதனை ஒன்றும் தர வேண்டும் என்பது விதி. ஆண்டுக்கொரு முறை பல்கலைக்கழகத்திலிருந்து மதிப்பீட்டுக் குழு வந்து இவற்றைக் கூட்டிப் பார்த்துக் கல்லூரிக்குத் தரம் போடும். இதையெல்லாம் திரட்டுவதற்கென்று பொருளியல் துறை உதவிப் பேராசிரியர் ஒருவர் ஒருங்கிணைப்பாளராக இருந்தார். மாணவர்கள் அவரைச் ‘சாதனை சார்’ என்றார்கள். இரண்டு வருடமாக அவர் வகுப்புக்குப் போகவில்லை. சிறந்த ஆசிரியர் விருது அவருக்கு இரண்டு வருடமும் கிடைத்தது.

வேதியியல் துறையில் ஊழியர் என்று இருந்தது ஒரே ஒருத்தி, ஆய்வக உதவியாளர். பத்தொன்பது வருட வேலை. மாணவர்களுக்கு அவள் லேப் அக்கா. நாளடைவில் பேராசிரியர்களுக்கும் அக்கா. அமிலப் புட்டிகளுக்குப் பெயர் ஒட்டுவது, உடைந்த குழாய்களைப் பொறுக்குவது, எதை எதோடு கலக்கக் கூடாது என்று முதலாண்டுப் பிள்ளைகளிடம் நூறு தடவை சொல்வது, மாலையில் எரிவாயுவின் பெரிய வால்வை மூடிவிட்டு வீட்டுக்குப் போவது ஆகியவை அவள் வேலை. இதில் எதுவும் சாதனைப் பட்டியலில் வராது. ஆகவே வேதியியலின் ஊழியர் கட்டம் எட்டு மாதமாகக் காலியாக இருந்தது.

ஒரு புதன்கிழமை சாதனை சாரும் வேதியியல் துறைத்தலைவரும் ஆய்வகத்துக்கு வந்தார்கள். துறைத்தலைவர் அங்கே வந்து வெகு நாளாகியிருந்ததால் கதவை வெளிப்பக்கம் இழுத்துப் பார்த்தார். அது உள்ளே தள்ளும் கதவு.

“அக்கா, இந்த மாசம் என்ன சாதிச்சீங்க?” என்றார் சாதனை சார், மடிக்கணினியை மேசைமேல் வைத்தபடி.

“அதுல வைக்காதீங்க சார், அமிலம் சிந்தின மேசை” என்றாள் அக்கா. “சாதனையெல்லாம் ஒண்ணும் இல்ல சார். நாலாம் மேசைக்கு அடியில கேஸ் கசியுது. அதச் சொல்லிட்டே இருக்கேன்.”

“யார்கிட்ட சொன்னீங்க?”

“சார்கிட்டதான்” என்று துறைத்தலைவரைக் காட்டினாள். “பதினோரு கடிதம் குடுத்திருக்கேன்.”

துறைத்தலைவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். சாதனை சார் அவளைப் பார்த்தார். எட்டு மாதமாகத் தேடியது கிடைத்துவிட்ட பார்வை.

“பதினொண்ணு நீங்களே எழுதினதா?”

“ஆமா சார்.”

“யாரும் எழுதித் தரல? எங்க இருந்தும் பார்த்து எழுதல?”

“கேஸ் கசியுதுன்னு எழுத எத சார் பாக்கணும்?”

“சொந்தப் படைப்பு” என்று தட்டச்சு செய்தார் அவர்.

கடிதங்கள் துறை அலுவலகத்துக் கோப்பில் பத்திரமாக இருந்தன. முதல் கடிதம் இப்படி: ‘ஐயா, நான்காம் மேசையின் அடியில் குழாய் இணைப்பில் எரிவாயு கசிகிறது. சோப்பு நீர் தடவினால் குமிழி வருகிறது. சரிசெய்து தர வேண்டுகிறேன்.’ ஏழாவது இன்னும் சுருக்கம்: ‘ஐயா, முன்பு எழுதியதுதான். இப்போது குமிழி பெரிதாக வருகிறது.’ பதினொன்றின் ஓரத்திலும் துறைத்தலைவர் பச்சை மையில் ‘பார்த்தேன்’ என்று எழுதிக் கையொப்பமிட்டிருந்தார்.

“ஒரே பொருள்ல தொடர்ந்து பதினோரு படைப்பு” என்றார் சாதனை சார். “நம்ம கல்லூரியில எந்தப் பேராசிரியரும் பண்ணல. இன்னொண்ணு எழுதினா பன்னிரண்டு. தொகுப்பாப் போட்டுடலாம்.”

“குழாய சரிபண்ணிட்டா எழுதவே வேண்டாமே சார்.”

“அவசரப்படாதீங்கக்கா. தொகுப்பு வரட்டும்.”

அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனால் புத்தகமாக வந்தால் முதல்வர் படிப்பார், பல்கலைக்கழகக் குழு படிக்கும், யாராவது ஒருவர் குனிந்து பார்ப்பார் என்று தோன்றியது. இன்னும் இரண்டு மாதத்தில் செய்முறைத் தேர்வு. எட்டு மேசையில் மேசைக்கு நான்கு பேராக முப்பத்திரண்டு பிள்ளைகள் நிற்பார்கள். நான்காம் மேசையில் ஒருவரையும் நிறுத்தாமல், மற்ற ஏழில் நெருக்கி, எல்லா ஜன்னலையும் திறந்துவைத்து இதுவரை ஓட்டியிருந்தாள். தேர்வில் நெருக்கி நிறுத்த முடியாது. ஆகவே பன்னிரண்டாவதை மிகவும் யோசித்து எழுதினாள்: ‘ஐயா, இது பன்னிரண்டாவது. தேர்வன்று முப்பத்திரண்டு பிள்ளைகள் முப்பத்திரண்டு தீயோடு இந்த அறையில் நிற்பார்கள். அதற்குள் யாராவது வந்து பார்க்க வேண்டும். நான் பயந்துபோயிருக்கிறேன்.’

சாதனை சார் வாங்கிப் படித்தார். “பிரமாதம். கடைசி வார்த்தைய மட்டும் ‘பரவசமாக இருக்கிறேன்’னு மாத்திக்கலாம். குழு நேர்மறையா இருந்தாத்தான் மார்க் போடும்.”

அதற்குப் பிறகு விஷயம் அவள் கையில் இல்லை. முதல்வர் முன்னுரை எழுதினார். கல்லூரியில் கசிவு என்று ஒன்று இருப்பதாக வெளியே தெரியக் கூடாது என்பதால் தொகுப்புக்கு ‘மணம் பரப்பும் மேசை’ என்று பெயர் வைத்தார். இலக்கியத் துறைப் பேராசிரியர் நாற்பது பக்கத்துக்கு ஆய்வுரை எழுதினார். கடிதங்கள் மொத்தமாகவே எட்டுப் பக்கம். கசிவு என்பது ஒடுக்கப்பட்ட மனம் தன்னைத்தானே வெளியேற்றிக்கொள்வதன் குறியீடு என்றும், குமிழி என்பது நிலையாமை என்றும், ஏழாம் கடிதத்தில் குமிழி பெரிதாவது ஆசிரியரின் கலை முதிர்ச்சி என்றும் அவர் நிறுவியிருந்தார். அவரிடம் ஆய்வு செய்யும் மாணவி ஒருத்தி நான்காம் மேசையைப் பார்க்க வந்தாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு, “என்னமோ நாறுதேக்கா” என்றாள். கல்லூரியில் அந்தத் தொகுப்பைச் சரியாகப் புரிந்துகொண்ட முதல் ஆள் அவள்தான். பேராசிரியர் அவளை வேறு தலைப்பு எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

புகைப்படத்துக்காக அக்காவின் கையில் பேனாவைக் கொடுத்து, கூரையைப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தாள். கூரையில் காற்றுப்போக்கி விசிறி ஓடாமல் நின்றிருந்தது. அதையும் எழுதிக் கொடுக்கலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

தொகுப்பு வெளியீட்டையும் ‘ஆண்டின் சிறந்த ஊழியர்’ விருதையும் மதிப்பீட்டுக் குழு வரும் நாளிலேயே, ஆய்வகத்திலேயே வைப்பதென்று முடிவாயிற்று. படைப்பு பிறந்த இடத்தைக் குழு பார்க்க வேண்டுமாம். விழா முடிவில் முதல்வர் தன் கையால் ஒரு பர்னரை ஏற்றுவார். படத்துக்கு வெளிச்சம் நன்றாக விழுவது நான்காம் மேசையில்தான் என்று சாதனை சார் பார்த்து வைத்திருந்தார்.

“அந்த மேசையில மட்டும் வேண்டாம் சார்” என்றாள் அக்கா.

“ஏன்?”

“பன்னிரண்டு கடிதத்துலயும் அதத்தானே சார் எழுதியிருக்கேன்.”

“அதனாலதான்கா அந்த மேசை” என்றார் அவர், குழந்தைக்குச் சொல்வதுபோல.

வீட்டில் அவள் கணவர் பஸ் டிரைவர். அன்று மாலை இரண்டு பேரும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

“நான் பிரேக் பிடிக்கலன்னு எழுதிக் குடுத்தா, கையெழுத்து அழகா இருக்குன்னு பரிசு குடுப்பாங்களா?”

“எங்க காலேஜா இருந்தா குடுப்பாங்க” என்றாள். “சரி, குடுத்துட்டு, போ வண்டிய எடுன்னா நீங்க என்ன பண்ணுவீங்க?”

“எடுக்க மாட்டேன்.”

“அவ்வளவுதானா? கத்த மாட்டீங்களா, சண்ட போட மாட்டீங்களா?”

“எதுக்குக் கத்தணும்? சாவிய பாக்கெட்ல போட்டுட்டு டீ குடிக்கப் போயிடுவேன்.”

அவள் வெங்காயத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் வந்தது. அது வெங்காயத்தால்தான் என்று அவர் எடுத்துக்கொண்டார். அவளும் அப்படியே விட்டுவிட்டாள்.

விழா நாள் காலை எட்டு மணிக்கு அக்கா ஆய்வகத்துக்குப் போய், வாசலோரம் இருந்த பெரிய வால்வை இறுக மூடினாள். பிறகு ஸ்பானரால் அதன் திருகாணியைக் கழற்றி, கைப்பிடியை உருவி, வெள்ளைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். கால் கிலோ இருக்கும். கோட்டு ஒரு பக்கமாக இழுத்தது.

பத்து மணிக்குக் குழு வந்தது. குழுத்தலைவி வேறொரு பல்கலைக்கழகத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், ஒல்லியாக, மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார். கூட மூன்று பேர். எல்லோரும் ஆய்வக முக்காலிகளில் உட்கார்ந்தார்கள். முதல்வர் பேசினார்.

“இந்தக் கல்லூரியில் கடைநிலை ஊழியரின் குரல்கூட வீணாவதில்லை. அவர் ஒரு கடிதம் கொடுத்தால் அதைக் கோப்பில் வைக்கிறோம். பதினோரு கடிதம் கொடுத்தால் பதினொன்றையும் வைக்கிறோம். ஒன்றுகூடத் தொலைந்ததில்லை. இந்தத் தொகுப்பை நான் இன்னும் வாசிக்கவில்லை. முன்னுரை எழுதும் வேலை இருந்ததால் நேரம் கிடைக்கவில்லை. வாசித்தவர்கள் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். அவர்களை நான் நம்புகிறேன். நம்பிக்கைதான் நிர்வாகம்.”

கைதட்டினார்கள். துறைத்தலைவர் எழுந்தார்.

“இவருடைய முதல் வாசகன் நான்தான் என்பதில் எனக்குப் பெருமை. ஒவ்வொரு கடிதத்தையும் பெற்ற அன்றே கையொப்பமிட்டிருக்கிறேன். நான் குறுக்கிட்டு எதையாவது செய்திருந்தால் இந்தத் தொடர் முதல் கடிதத்தோடு நின்றுபோயிருக்கும். ஒரு படைப்பாளிக்கு நாம் செய்யக்கூடிய உதவி, அவரை அவர் போக்கில் விடுவது.”

அதற்கும் கைதட்டினார்கள். குழுத்தலைவி மட்டும் தொகுப்பைப் புரட்டிப் படித்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைப் போட்டார். மறுபடி முதல் பக்கத்துக்குப் போனார்.

கேடயத்தைக் கொடுத்தபின் பன்னிரண்டாம் கடிதத்தை வாசிக்கும்படி அக்காவைக் கேட்டார்கள். அச்சுப் புத்தகத்தைப் பார்த்து வாசித்தாள். கடைசி வரி வந்ததும் நின்றாள்.

“இங்க பரவசமாக இருக்கிறேன்னு போட்டிருக்காங்க” என்றாள். “நான் பயந்துபோயிருக்கிறேன்னுதான் எழுதினேன்.”

இலக்கியத் துறைப் பேராசிரியர் உருகிப்போய், “பாட பேதம்” என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் கைதட்டல் பலமாக விழுந்தது.

முதல்வர் லைட்டரோடு நான்காம் மேசைக்குப் போனார். பர்னரைத் திருகி லைட்டரை அமுக்கினார். பொறி வந்தது. தீ வரவில்லை. மறுபடி அமுக்கினார். சாதனை சார் படமெடுக்கக் குனிந்தவர் குனிந்தபடியே இருந்தார். ஆறாம் தடவை முதல்வர் புன்னகையோடு அமுக்கினார். ஏழாம் தடவை புன்னகை இல்லை.

“ஏன் வரல?” என்றார் குழுத்தலைவி.

“நான் மூடி வெச்சிருக்கேன் மேடம்” என்றாள் அக்கா. பையிலிருந்து கைப்பிடியை எடுத்துக் காட்டினாள். “இந்த மேசைக்கு அடியில கேஸ் கசியுது.”

“நிஜமாவே கசியுதா?”

“நிஜமாவே கசியுது மேடம். ஒரு வருஷமா.”

“சோப்புத் தண்ணி இருக்கா?”

இருந்தது. குழுத்தலைவி முக்காலியிலிருந்து இறங்கித் தரையில் மண்டியிட்டார். அக்கா முதல்வரிடம் போய், “அதக் குடுங்க சார்” என்று லைட்டரை வாங்கித் தூர வைத்து, அவர் திறந்த பர்னரையும் மூடினாள். ஜன்னல்கள் திறந்திருக்கின்றனவா என்று ஒரு தடவை பார்த்தாள். பிறகு கைப்பிடியை மாட்டி, வால்வைப் பத்து விநாடி திறந்து மூடினாள். குழுத்தலைவி தூரிகையால் தடவிய இடத்தில் குமிழிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒன்று பொங்கி வந்தது. நாற்றமும் வந்தது.

குழுத்தலைவி எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். “எல்லாரும் வெளிய போங்க” என்றார்.

முதல்வர்தான் முதலில் போனார். துறைத்தலைவர் கதவைத் தன் பக்கம் இழுப்பதா தள்ளுவதா என்று இந்தத் தடவை யோசிக்க வேண்டியிருக்கவில்லை. முதல்வர் திறந்துவிட்டே போயிருந்தார். அடுத்த மாத மடலில், ‘முப்பத்தெட்டு விநாடியில் அவசரகால வெளியேற்ற ஒத்திகை: முதல்வர் முன்னின்று வழிநடத்தினார்’ என்று வந்தது.

மறுநாள் காலை குழாய்க்காரர் ஒருவர் வந்தார். மேசைக்கு அடியில் படுத்தார். தேய்ந்துபோன வாஷரை எடுத்துப் புதிதாக ஒன்று போட்டு, இறுக்கினார். நான்கு நிமிடம் ஆயிற்று.

“இதுக்கு ஏம்மா ஒரு வருஷம் வெச்சிட்டிருந்தீங்க?” என்று படுத்தவாறே கேட்டார்.

“எழுதிட்டிருந்தோம்” என்றாள் அக்கா.

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் குழுவின் அறிக்கையில் ஒரு வரி இருந்தது: ‘ஓராண்டு நீடித்த கசிவை நிர்வாகம் கவனிக்காமல் விட்டது எப்படி?’ அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஆகவே, கசிவை உரிய நேரத்தில் தெரிவிக்கத் தவறியது ஏன் என்று விளக்கம் கேட்டு அக்காவுக்கு ஓர் ஓலை வந்தது. விளக்கம் சரியில்லையென்றால் பணிநீக்கம் வரை போகலாம் என்று அதில் இருந்தது. பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக அவள் மத்தியானச் சாப்பாட்டைத் தொடாமல் மூடிவைத்தாள்.

விசாரணை முதல்வர் அறையில் நடந்தது. முதல்வரும் துறைத்தலைவரும் இலக்கியத் துறைப் பேராசிரியரும் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். சாதனை சார் குறிப்பெடுத்தார். அக்கா நின்றாள்.

“நீங்கள் ஏன் தெரிவிக்கவில்லை?” என்றார் முதல்வர்.

“பன்னிரண்டு தடவை எழுதிக் குடுத்திருக்கேன் சார்.”

“அது இலக்கியம். விருது கொடுத்தாகிவிட்டது. நான் கேட்பது புகார்.”

“அந்தக் கடிதந்தான் சார் புகார்.”

முதல்வர் இலக்கியத் துறைப் பேராசிரியரைப் பார்த்தார். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “பிரதியில் கசிவு வருகிறது. ஆனால் அது எரிவாயுக் கசிவு என்று கொள்ள இடமில்லை. நாற்பது பக்கத்தில் நிறுவியிருக்கிறேன்.”

“அது கேஸ்தான் சார்” என்றாள் அக்கா. “எழுதினவ நானே சொல்றேன்.”

“அது உங்க வாசிப்பும்மா. படைப்பு வெளிய வந்தப்புறம் அதுக்கு என்ன அர்த்தம்னு ஆசிரியர் சொல்ல முடியாது.”

அவள் துறைத்தலைவர் பக்கம் திரும்பினாள். “சார், எல்லாத்துலயும் பார்த்தேன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே.”

“பார்த்தேன்னுதான் எழுதினேன்” என்றார் துறைத்தலைவர். “படிச்சேன்னு எங்கயாவது எழுதியிருக்கேனா?”

சாதனை சார் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். தெரிவிக்கத் தவறியது நிரூபணமாயிற்று. ஆனால் பணிநீக்கம் செய்தால் ‘ஆண்டின் சிறந்த ஊழியர்’ கணக்கில் கல்லூரிக்கு ஆறு புள்ளி குறையும் என்று அவர்தான் எடுத்துச் சொன்னார். அரை மணி யோசித்து, கடும் கண்டிப்போடு விட்டார்கள். கண்டிப்புத் தாளும் விருதுச் சான்றிதழும் ஒரே உறையில், ஒரே தேதியில், ஒரே கையெழுத்தில் வந்தன.

அவள் கணவர் இரண்டையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “இதுல எதுக்குச் சட்டம் போடறது?”

“ரெண்டையும் மடிச்சு பீரோ காலுக்கு அடியில வைங்க. ரொம்ப நாளா ஆடுது.”

வைத்தார். பீரோ நின்றது. அன்று ராத்திரி அவள் நன்றாகச் சாப்பிட்டாள்.

செய்முறைத் தேர்வன்று நான்காம் மேசையிலும் நான்கு பேர் நின்றார்கள். எட்டு மேசையிலும் முப்பத்திரண்டு பர்னர்கள் நீலமாக எரிந்தன. அக்கா சோப்பு நீரோடு ஒரு சுற்றுச் சுற்றி வந்து, வாசல் மேசையில் இருந்த நாட்குறிப்பில் எழுதினாள்: ‘குழாய் சரியாக இருக்கிறது. நாற்றம் இல்லை.’

தோளுக்கு மேலாகச் சாதனை சார் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

“ரொம்பச் சுருக்கமா இருக்கேக்கா” என்றார், அந்த இரண்டு வரியையும் தன் குறிப்பேட்டில் குறித்துக்கொண்டே. “கவிதைக்குப் போயிட்டீங்களா?”

நான்காம் மேசையில் ஒரு பெண் சோதனைக்குழாயைப் பார்த்துக் குனிந்துகொண்டிருந்தாள். பின்னல் அவிழ்ந்து முன்னால் தொங்கியது. அக்கா நாலு எட்டில் அங்கே போய், அவள் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

“முடியப் பின்னாடி கட்டு கண்ணு. தீ இருக்கு.”

மூன்றாவது வரியாக அதையும் சாதனை சார் எழுதிக்கொண்டார்.